வீட்டுக்குள் வைக்கும் டிவி ஆண்டெனா: குமரி மாவட்டத்தில் வாங்கலாமா?

மாதச் சந்தா கிடையாது, மாடியில் டிஷ் வேண்டாம், செருகிய உடனே நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள் வரும் என்ற வாசகங்களோடு, வீட்டுக்குள் வைக்கும் டிவி ஆண்டெனாக்கள் இணையக் கடைகளிலும் நாகர்கோவிலின் மின்னணுக் கடைகளிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. கேபிள் கட்டணம் ஏறிக்கொண்டே போவதால் எங்கள் உறவினர்களில் சிலர் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதே சரி என்று, கம்பியும் வளையமும் சேர்ந்த வகையில் ஒன்றை எழுநூறு ரூபாய்க்குள் வாங்கினேன். தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அதைப் பலவாறு வைத்துச் சோதித்த பிறகு எழுதும் மதிப்புரை இது. பெட்டியின் மேலிருக்கும் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒரே அச்சில் வார்த்த இந்தப் பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதால் வாங்குகிறவருக்குப் பயன் ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் இருப்பவை இவை: கனமான பிளாஸ்டிக் அடித்தளம், அதிலிருந்து இரு பக்கமும் இழுத்து நீட்டக்கூடிய இரண்டு எவர்சில்வர் நிறக் கம்பிகள், நடுவில் ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள உலோக வளையம், ஒன்றரை மீட்டர் ஒயர், அதன் முனையில் டிவியின் பின்புறம் செருகும் ஆண்டெனா பின், யுஎஸ்பி மூலம் மின்சாரம் எடுக்கும் சிறிய பூஸ்டர். கம்பிகளை முழுதாக இழுத்தால் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு வருகிறது. கம்பிகள் வி.எச்.எஃப் எனப்படும் நீளம் கூடிய அலைகளுக்கும் வளையம் யு.எச்.எஃப் எனப்படும் நீளம் குறைந்த அலைகளுக்கும் உரியவை. இந்த அமைப்பு அறுபது, எழுபது ஆண்டுகளாக மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை. பொருளில் பெரிய குறை சொல்வதற்கில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் நம் மாவட்டத்து வானில் இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே என் புகார்.

வடசேரிப் பக்கம் நான் வாங்கிய கடையின் உரிமையாளரை இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். பெட்டியைக் கேட்டதுமே, "அண்ணாச்சி, டிவிக்குன்னா இது வேண்டாம். நம்ம ஊர்ல இப்போ ஸ்டேஷனே கிடையாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோறவங்கதான் இத வாங்குதாங்க" என்று சொல்லிவிட்டார். சோதித்துப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்றதும், சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, கம்பிகளின் மூட்டு இறுக்கமாக நிற்கிறதா என்று பார்த்துத் தந்தார். இணையத்தில் இதே பொருளை வாங்குகிறவருக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லை. அங்கே பெட்டி சொல்வதே வேதவாக்கு.

கடைக்காரர் சொன்னதன் பின்னணியை அறிய, நம் மாவட்டத்தில் டிவி வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, அந்நாட்டின் மிக உயரமான மலையாகிய பிதுருதலாகலையில், கடல் மட்டத்திலிருந்து 2,524 மீட்டர் உயரத்தில் நின்றது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்த அந்த அலைகளைப் பிடிப்பதற்காகவே நம் கரையோர ஊர்களில் உயரமான இரும்புக் குழாய்களின் உச்சியில் ஏரியல் கட்டியவர்கள் உண்டு. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 ஜனவரி 1 முதல் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஏரியல்கள் வடமேற்கே திரும்பின. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் மலையாளச் செய்தியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இன்றும் இருக்கிறது. அந்த நாளில் ஏரியல் கொஞ்சம் திரும்பினாலும் திரையில் எறும்பு ஓடும். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "வந்தாச்சு, போயாச்சு" என்று கத்துவது எல்லா வீடுகளிலும் நடந்தது.

அனலாக் எனப்படும் அந்தப் பழைய முறை ஒளிபரப்பு இப்போது இல்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளை, அதாவது கோபுரத்திலிருந்து நேராக வீட்டு ஏரியலுக்கு அலை அனுப்புபவற்றை, படிப்படியாக மூடிக்கொண்டு வந்தது. எல்லைப் பகுதி போன்ற முக்கியமான இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 ஒளிபரப்பிகள் நீங்கலாக, மீதமிருந்தவற்றையும் 2022 மார்ச் 31க்குள் நிறுத்துவதாக 2021 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், டி.வி.பி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் தரைவழி ஒளிபரப்பு 16 நகரங்களில் தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே நகரம் சென்னை. தனியார் சேனல்களுக்கு நம் நாட்டில் தரைவழி ஒளிபரப்பு என்றைக்குமே அனுமதிக்கப்பட்டதில்லை. ஆகவே பெட்டி சொல்லும் நூறு சேனல்கள் நாகர்கோவிலில் மட்டுமல்ல, இந்தியாவில் எந்த ஊரிலும் வீட்டு ஆண்டெனாவுக்குள் வந்து விழ வழியில்லை. அந்த வாசகம் வேறு நாட்டுச் சந்தைக்காக எழுதப்பட்டு, அப்படியே இங்கே வந்துவிட்டது.

"200 மைல் தூரம் வரை" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வி.எச்.எஃப், யு.எச்.எஃப் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளைவதில்லை. ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரத்தையும் நம் ஆண்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர், ஆண்டெனா தரையிலிருந்து 4 மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 59 கிலோமீட்டர். இருநூறு மைல் என்பது 320 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு எட்ட வேண்டுமானால் கோபுரத்தின் உச்சி ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்க வேண்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இந்தக் கணக்கில் ஆண்டெனாவின் தரத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு ரூபாய் கம்பியானாலும் எண்ணாயிரம் ரூபாய் கருவியானாலும் அடிவானம் ஒன்றுதான்.

அப்படியானால் 370 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ரூபவாகினி எப்படிக் கன்னியாகுமரிக்கு வந்தது என்று கேட்கலாம். அது கடலின் கொடை. வெயில் காலத்தில், காற்று அடங்கிய மாலைகளிலும் இரவுகளிலும், கடல் மட்டத்தை ஒட்டிய குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் வெப்பமான உலர்ந்த காற்று ஒரு மூடியாகப் படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி, அடிவானத்தைத் தாண்டியும் ஓடிவரும். அதனால்தான் படம் ஒரு நாள் கண்ணாடியாகத் தெரிந்து, மறுநாள் காணாமல் போனது. அதுவும் உயரத்தில் கட்டிய பல கம்பி ஏரியலுக்குத்தான். வரவேற்பறை அலமாரியில் வைக்கும் பொருளுக்கு அந்தப் பேறு கிடையாது. வடக்கே கொடைக்கானல் நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இடையில் அகத்தியமலையும் மகேந்திரகிரியும் நிற்கின்றன. எங்கள் தக்கலைக்கு வேளிமலை வேறு கூடுதல் தடை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முறையாகப் பொருத்திப் பார்க்காமல் ஒரு பொருளைக் குறை கூறுவது நியாயமன்று. ஆகவே இந்த ஆண்டெனாவைப் பொருத்த வேண்டிய விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சிக்னல் உள்ள ஊருக்கு இதை எடுத்துச் செல்கிறவர்களுக்கு இது பயன்படும். பெட்டியோடு வந்த தாளிலோ "செருகுங்கள், மகிழுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

முதலில் கம்பிகளின் நீளம். முழுதாக இழுத்தால்தான் நன்றாக எடுக்கும் என்று பலரும் நினைக்கின்றனர். கம்பி அலையின் நீளத்துக்குப் பொருந்த வேண்டுமே தவிர, நீளமாக இருப்பது மட்டும் தகுதி ஆகாது. 142.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்தால், இரு கம்பிகளும் சேர்ந்து இருக்க வேண்டிய நீளம் மீட்டரில் வரும். வி.எச்.எஃபின் மேற்பகுதியான 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சேனல்களுக்கு நடுவாக 200ஐ எடுத்துக்கொண்டால், மொத்தம் 71 சென்டிமீட்டர், ஒரு பக்கம் 36 சென்டிமீட்டர் போதும். வி.எச்.எஃபின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஒரு பக்கமே ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். இந்தப் பொருளின் கம்பி அதற்கு எட்டாது. எந்த உள்ளறை ஆண்டெனாவும் அந்தப் பகுதியில் தடுமாறத்தான் செய்யும். யு.எச்.எஃப் வளையத்தில் நீட்டவும் சுருக்கவும் ஒன்றுமில்லை. அதன் சுற்றளவு ஓர் அலைநீளத்துக்கு நெருங்க இருந்தால் நல்லது: 600 மெகாஹெர்ட்ஸுக்கு அது அரை மீட்டர், விட்டம் 16 சென்டிமீட்டர். அளந்து பார்த்ததில் இந்த வளையம் அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. வடிவமைத்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது, விளம்பரம் எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது திசை. படங்களில் காட்டுவது போலக் கம்பிகளை வானம் பார்க்க நிமிர்த்தி வைப்பதை விட, முடிந்தவரை கிடைமட்டமாகச் சாய்த்து விரிப்பது டிவிக்குப் பொதுவாக நல்லது. டிவி ஒளிபரப்பில் அலையைக் கிடைமட்டமாக அதிரும்படி அனுப்புவதே (கிடைமட்ட முனைவாக்கம்) பரவலான வழக்கம். கம்பிகள் நீண்டிருக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையிலிருந்து வரும் அலையைத்தான் அவை நன்றாக ஏற்கும். கம்பியின் முனை நோக்கும் திசையிலிருந்து வருவது ஏறக்குறைய விழாது. ஆகவே கோபுரம் கிழக்கே இருந்தால் கம்பிகள் வடக்கு தெற்காக விரிய வேண்டும். வளையத்துக்கு அதன் தட்டையான முகம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தடவல் குறைந்துவிடும்.

வைக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். எங்கள் வீட்டின் முன்பகுதி ஓட்டுக்கூரை, பின்பகுதி கான்கிரீட். அதனால் ஒரே வீட்டுக்குள் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. டிவி சிக்னல் இல்லாத நிலையில் பண்பலை வானொலியை வைத்துச் சோதித்தேன், அதுவும் வி.எச்.எஃபைச் சேர்ந்த 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் வருவதுதான். ஓட்டுக்கூரையின் கீழ், பரண் உயரத்தில் வைத்தபோது தெளிவாகக் கேட்ட தொலை நிலையம், கான்கிரீட் அறையின் உட்சுவர் அருகே இரைச்சலில் மூழ்கியது. அதே அறையில் ஜன்னலோரத்துக்கு நகர்த்தியதும் திரும்பி வந்தது. நம் ஊரில் மழைக்காகவும் வெயிலுக்காகவும் மொட்டை மாடி முழுக்கத் தகரமோ அலுமினிய ஷீட்டோ போடும் பழக்கம் பரவிவிட்டது. அந்த ஷீட்டின் நேர் கீழே எந்த ஆண்டெனாவை வைத்தாலும், மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருவதில் பெரும்பங்கு அடைபட்டுவிடும். இரும்புக் கம்பி போட்ட ஜன்னல் பரவாயில்லை. கம்பி வலை அடித்த ஜன்னல் தொல்லை. எவர்சில்வர் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மலிவான எல்இடி பல்புகளையும் அலைபேசி சார்ஜர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று வி.எச்.எஃப் பகுதியில் கணிசமான இரைச்சலை உமிழ்கிறது. தெரு வியாபாரியிடம் வாங்கிய ஒரு பல்பை அணைத்ததும் நிலையம் ஒன்று உயிர் பெற்றதை வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு இதில் என்ன வியப்பு என்று தெரியவில்லை. யு.எச்.எஃப் இந்தத் தொல்லைக்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை.

பூஸ்டரைப் பற்றி ஒரு பொதுவான எச்சரிக்கை. இல்லாத சிக்னலை எந்தப் பூஸ்டரும் உண்டாக்காது. நீண்ட ஒயரில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டவும், ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு டிவிகளுக்குப் பிரிக்கவும்தான் அது வேண்டும். ஒன்றரை மீட்டர் ஒயருக்கு அது தேவையே இல்லை. மாறாக, நாகர்கோவில் கோணத்திலுள்ள வானொலி நிலையம் 101 மெகாஹெர்ட்ஸில் வலுவாக ஒலிபரப்புவதாலும், அலைபேசிக் கோபுரங்கள் இப்போது 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5ஜி அலைகளை அனுப்புவதாலும், வடிகட்டி இல்லாத இந்த மலிவுப் பூஸ்டர் அவற்றையும் சேர்த்துப் பெருக்கித் தானே திணறிப்போகிறது. பூஸ்டரைக் கழற்றிவிட்டு ஒயரை நேரடியாகச் செருகியபோது, அருகிலுள்ள நிலையத்தின் நிழல் வானொலியின் மற்ற அலைவரிசைகளில் கேட்பது நின்றது. என் சிபாரிசு: பெட்டியில் வரும் பூஸ்டரைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

டிவியின் பக்கத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அதற்குள் சேனலைப் பிடிக்கும் பகுதியான டியூனர் அந்தந்த நாட்டின் முறைக்குப் பொருந்த வேண்டும், கையேட்டில் டி.வி.பி-டி2 என்று இருந்தால் தரைவழி டிஜிட்டல், டி.வி.பி-சி என்று மட்டும் இருந்தால் அது கேபிளுக்கு. மெனுவில் சேனல் தேடும்போது "ஆண்டெனா" அல்லது "ஏர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "கேபிள்" என்று விட்டுவிட்டால் டிவி வேறு அலைவரிசைகளில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். டிஜிட்டலில் பழைய எறும்பு ஓட்டம் கிடையாது. தரம் ஓர் அளவுக்கு மேலே இருந்தால் படம் பளிச்சென்று வரும். கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே சிக்னல் அளவு காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் "வலு" என்பதை விட "தரம்" என்ற கோட்டைப் பார்த்து ஆண்டெனாவை நகர்த்த வேண்டும். "டிஜிட்டல் ஆண்டெனா", "4கே ஆண்டெனா" என்ற பட்டங்களுக்கு விலை கொடுக்க வேண்டாம். கம்பிக்குத் தான் ஏற்கும் அலையில் ஏறி வருவது அனலாக்கா டிஜிட்டலா என்று தெரியாது.

இப்படி எல்லா முறையிலும் பொருத்திய பின் எங்கள் வீட்டில் கிடைத்த டிவி சேனல்கள் எத்தனை என்றால், ஒன்றும் இல்லை. அனலாக்கில் தேடினாலும் டிஜிட்டலில் தேடினாலும் நீலத் திரைதான். முன்வாசல், பரண், மாடிப்படி, வேளிமலைக்கு எதிர்ப்புறமுள்ள ஜன்னல் என்று எங்கே வைத்தாலும் அதே விடை. குளச்சலில் கடலுக்கு நேர் எதிரே இருக்கும் உறவினர் வீட்டிலும் இதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். அங்கேயும் திரை அசையவில்லை.

பண்பலைக்கோ இது அருமையான கருவி. கம்பிகளை ஒரு பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர் வருமாறு வைத்து, பழைய ஸ்டீரியோ செட்டின் 75 ஓம் ஆண்டெனா துளையில் செருகியபோது, கோணம் நிலையத்தோடு திருவனந்தபுரத்தின் மலையாள நிலையங்களும் இரைச்சலின்றிக் கேட்டன. செட்டோடு வந்த துண்டு ஒயரால் அது முடிந்ததில்லை. இதை நான் வெறும் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கேபிள் இல்லை, பல இடங்களில் அலைபேசியும் இல்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்திக்காகக் கரையோரமே தவித்த அந்த நாள்களில், பேட்டரி போட்ட வானொலிக்கு இருந்த மதிப்பு வேறெதற்கும் இல்லை. கம்பமோ ஒயரோ இல்லாமல் வீட்டுக்குள் வந்து சேரும் தரைவழி ஒளிபரப்பைப் புயல் அடிக்கும் ஒரு கடலோர மாவட்டத்தில் முழுவதுமாகக் கைவிட்டது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைக்காரர் சொன்ன வெளிநாட்டுச் சங்கதிக்கு வருகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் விடுமுறை முடிந்து திரும்பும்போது இதே பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்பினேன். சிங்கப்பூர் 2019 தொடங்கும்போதே அனலாக்கை முழுவதும் நிறுத்திவிட்டு, டி.வி.பி-டி2 முறையில் யு.எச்.எஃபில் மட்டும் ஒளிபரப்புகிறது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கான வசந்தம் சேனலும் அவற்றில் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னலோரத்தில் வளையத்தை மட்டும் நிறுத்தி, கம்பிகளை மடக்கி, பூஸ்டர் இல்லாமல் தேடியதில், கட்டணமற்ற சேனல்கள் அனைத்தும் முதல் தேடலிலேயே வந்துவிட்டதாக அவன் வீடியோ அழைப்பில் காட்டினான். "மாமா, இந்தக் கம்பி ரெண்டும் எதுக்கு?" என்று கேட்டான். அங்கே எதற்கும் இல்லை. பிரிட்டனிலும் அப்படித்தான், டிவி முழுவதும் யு.எச்.எஃபில்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே முழு ஆற்றல் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் வி.எச்.எஃப் கைவிடப்படவில்லை. 7 முதல் 13 வரையான சேனல்கள் 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸில் இன்னும் இயங்குகின்றன, யு.எச்.எஃப் 14 முதல் 36 வரை. ஆகவே அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள், சுவரில் ஒட்டும் மெல்லிய தகடு வகையை விட இந்தக் கம்பி வகையையே தேர்ந்தெடுக்கலாம். தகடு பார்க்க அழகு, யு.எச்.எஃபில் குறை சொல்வதற்கில்லை, ஆனால் வி.எச்.எஃப் அலைநீளத்துக்கு அதன் அகலம் போதாது. டிவி மட்டும் அந்நாட்டிலேயே வாங்கியதாக இருக்க வேண்டும், அங்குள்ள டிஜிட்டல் முறை வேறு.

பொருளின் தரத்தில் இரண்டு குறைகள். கம்பிகளின் மூட்டுத் திருகு சில வாரங்களில் தளர்ந்து, கம்பி தானாகச் சாய்கிறது. சிறிய ஸ்குரூடிரைவரால் அவ்வப்போது முறுக்க வேண்டியிருக்கிறது. ஒயர் மெலிதானது, அடித்தளத்தோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருப்பதால் நல்ல தடித்த ஆண்டெனா ஒயரை (ஆர்.ஜி-6 வகை) மாற்றிப் போடவும் வழியில்லை. மற்றபடி, உப்புக்காற்றில் வெளி ஏரியலின் அலுமினியம் பொடிந்து போவதையும், ஐப்பசி இடியில் டிவி கருகுவதையும் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவின் அருமை புரியும்.

குமரி மாவட்டத்தில் சந்தா இல்லாமல் டிவி பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டிடி ஃப்ரீ டிஷ் போடுவதே வழி. 2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவை, கிழக்கு 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டிடி தமிழும் மலையாளமும் கிடைக்கும். தனியார் தமிழ்ச் சேனல்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டிஷ்ஷோடு வாங்கும் செட்டாப் பாக்ஸ் எம்பெக்-4 என்ற புதிய வகையாக இருக்கட்டும், பழைய எம்பெக்-2 பாக்ஸில் எல்லாச் சேனலும் வராது. நம் ஊரிலிருந்து டிஷ் கிழக்குக்குச் சற்றுத் தெற்காகவும், தரையிலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்திலும் நோக்க வேண்டும்; அதாவது தலைக்கு மேலே பார்க்கிற அளவுக்கு. தள்ளியிருக்கும் தென்னை மறைக்காது. வீட்டை ஒட்டி நிற்பதன் மட்டை மறைக்கும். ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் கொஞ்ச நேரம் படம் நின்று திரும்பும். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்க்காரர்கள், டிஷ் மாட்ட வரும் ஆளிடம் சாதாரண போல்ட்டுக்குப் பதிலாக எவர்சில்வர் போல்ட்டே போடச் சொல்லி, டிஷ்ஷின் முன்னே நீட்டி நிற்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கியில் ஒயர் சேரும் இடத்தை ரப்பர் டேப்பால் சுற்றச் சொல்ல வேண்டும்.